கறுப்புப் புயல் மேஜர் டெய்லர்

சைக்கிள் என்றால் நம்மில் பலருக்கு பஸ்ஸைத் தவறவிட்ட நாளில் மிதிக்கிற வண்டி. அதை மிதித்தே உலகை ஜெயித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மார்ஷல் வால்டர் டெய்லர் 1878 நவம்பர் 26 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஒரு பணக்கார வீட்டில் கோச் வண்டிக்காரர். மகனுக்கு சைக்கிள் கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை. கடை வாசலில் ராணுவ உடுப்புப் போட்டு சைக்கிள் வித்தையும் காட்டுவார். அதனால் ஒட்டிய பெயர்தான் 'மேஜர்'. கூட விளையாடிய வெள்ளைக்காரப் பையன்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போவார்கள். இவருக்கு மட்டும் அனுமதி கிடையாது.

பந்தய வீரர் லூயிஸ் மங்கர் இவர் திறமையைப் பார்த்து வூஸ்டர் நகருக்கு அழைத்துப் போனார். ஜெயிக்க ஜெயிக்க எதிர்ப்பும் வளர்ந்தது. தென் மாநிலப் பந்தயங்களில் சேர்க்க மறுத்தார்கள். 1897-இல் டான்டன் நகரில், பந்தயம் முடிந்ததும் பின்தங்கி வந்த வெள்ளைக்கார வீரர் ஒருவர் இவர் கழுத்தை நெரித்து மயக்கமடையச் செய்தார். டெய்லர் ஓட்டத்தை விடவில்லை. 1899-இல் கனடாவின் மான்ட்ரியாலில் ஒரு மைல் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார்!

மெக்கானிக்கல் பிரிவுக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஹேண்டில்பாரை ஸ்டெம்மிலிருந்து முன்னால் தள்ளி வைக்கும் ஒரு நீட்டிப்பை அவர் பயன்படுத்தினார். கிளாம்ப் முன்னும் பின்னும் நகரும். வேண்டிய இடத்தில் நட்டை இறுக்கிவிடலாம். முதுகு படுக்கும், காற்றின் எதிர்ப்பு குறையும். இன்றும் அதற்கு மேஜர் டெய்லர் ஸ்டெம் என்றே பெயர்.

பழைய மவுண்டன் பைக்கில் வளைந்த டிராப் ஹேண்டில் மாட்டி ஜல்லி ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குதான், ஆனால் தலைகீழாக. அந்த ஃபிரேமின் மேல் குழாய் ஏற்கெனவே நீளம். டிராப் ஹேண்டில் கையை இன்னும் முன்னால் கொண்டு போகும். அதனால் ஸ்டெம் குட்டையாகவும் உயரமாகவும் வேண்டும். பழைய கான்டிலீவர் பிரேக் டிராப் ஹேண்டில் லீவருக்கு ஒத்துப்போகும். வி-பிரேக் என்றால் சாதாரண லீவர் இழுக்கிற கேபிள் போதாது. வண்டிக்கு ஆளை வளைக்கக் கூடாதுங்க, ஆளுக்குத்தான் வண்டியைப் பொருத்தணும்.

டெய்லர் 1910-இல் ஓய்வு பெற்றார். தொழிலில் போட்ட பணம் கரைந்தது. 1928-இல் சொந்தச் செலவில் சுயசரிதை அச்சிட்டு, வீடு வீடாகப் போய் விற்றார். 1932 ஜூன் 21 அன்று சிகாகோவில் தர்ம ஆஸ்பத்திரி வார்டில் இறந்து, பெயர்ப்பலகை இல்லாத ஏழைகள் குழியில் புதைக்கப்பட்டார். 1948-இல்தான் பழைய பந்தய வீரர்கள், சைக்கிள் முதலாளி ஃபிராங்க் ஷ்வின் உதவியோடு, உடலை நல்ல இடத்துக்கு மாற்றி நினைவுப் பலகை வைத்தார்கள்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குள் விடாத அதே இண்டியானாபோலிஸில், 1982-இல் அவர் பெயரில் சைக்கிள் பந்தயத் தளம் திறந்தார்கள். நண்பர்களே, மரியாதை வர நாளாகலாம். அதுவரை மிதிப்பதை நிறுத்தாதீங்க!