ஆனந்தரங்கம் பிள்ளை

ஆனந்தரங்கம் பிள்ளை (மார்ச் 30, 1709 - சனவரி 1761) பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியில் வாழ்ந்த வணிகரும் துபாசியும் ஆவார். துபாசி என்பது இரு மொழிகள் அறிந்து, ஐரோப்பியருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையில் நின்று பேசுபவரைக் குறிக்கும். 1736 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் இவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாக விளங்குகின்றது.

வாழ்க்கை

இவர் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை, உறவினர் நைனியப்பப் பிள்ளையின் அழைப்பை ஏற்றுக் குடும்பத்துடன் புதுச்சேரியில் குடியேறினார். 1726இல் தந்தை இறந்த பின்னர், ஆனந்தரங்கர் பரங்கிப்பேட்டையில் இருந்த பிரெஞ்சுப் பண்டகசாலையின் பொறுப்பை ஏற்றார். 'ஆனந்தப் புரவி' என்னும் கப்பலும் இவருக்குச் சொந்தமாக இருந்தது.

1742இல் டூப்ளே புதுச்சேரியின் ஆளுநரானார். தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் 1746இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அப்பதவி ஆனந்தரங்கருக்குக் கிடைத்தது. 1754இல் டூப்ளே பிரான்சுக்குத் திரும்பியதும் இவரது செல்வாக்குக் குறையலாயிற்று. 1756இல் பதவியை இழந்தார். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 சனவரி மாதத்திலேயே காலமானார்.

நாட்குறிப்பு

கப்பல் வரத்து, வணிகம், போர்ச் செய்திகள், வழக்குகள், ஊர்ப்பேச்சு ஆகியன இதில் அக்காலப் பேச்சுத்தமிழை ஒட்டிய நடையில் பதிவாகியுள்ளன. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் நிகழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டுள்ளன. ஆட்சியாளரின் கடிதங்களில் காணக்கிடைக்காத உள்ளூர்ப் பார்வை இதன் தனிச்சிறப்பாகும். எனினும் ஆசிரியர் நடுநிலையான பார்வையாளர் அல்லர். டூப்ளேயின் மனைவியுடனும் பதவிக்குப் போட்டியிட்டோருடனும் அவருக்கு இருந்த பகைமை பல பதிவுகளில் வெளிப்படுகின்றது. ஆகவே பிற ஆவணங்களுடன் ஒப்பிட்டு வாசித்தல் இன்றியமையாதது.

கண்டெடுப்பும் பதிப்பும்

இவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846இல், கலுவா-மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்குறிப்பைக் கண்டறிந்தார். அப்போது எடுக்கப்பட்ட படிகளே பிற்காலப் பதிப்புகளுக்கு உதவின. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பிரடெரிக் பிரைசும், அவருக்குப் பின் என்றி டாட்வெல்லும் அதன் பதிப்பாசிரியர்கள் ஆவர்.

இணையத்தில்

ஆங்கிலத் தொகுதிகளின் மின்வருடிய படிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதனால் ஒரு நிகழ்வைப் பாடநூலில் படிக்கும் மாணவர், அதே நாளில் எழுதப்பட்ட குறிப்பையும் தேடி ஒப்பிட இயலும். ஆயினும் இவை மொழிபெயர்ப்புகளே. ஆனந்தரங்கரின் சொல்லாட்சியை அறிய விரும்புவோர் தமிழ்ப் பதிப்புகளையே நாட வேண்டும்.