ரெம்பிராண்ட் வாழ்ந்த இல்லம்

லெய்டன் நகரத்து மாவு அரைப்பவர் ஒருவரின் மகனாய் 1606-இல் பிறந்தவர் ஓவியர் ரெம்பிராண்ட். புகழ் ஓங்கிய 1639-இல், ஆம்ஸ்டர்டாமில் 13,000 கில்டர் விலைபேசிப் பெரிய வீடொன்றை வாங்கினார். வடதிசை ஒளி வீழும் மாடியறையே அவர்தம் ஓவியக்கூடம். மனைவி சாஸ்கியா 1642-இல் மறைந்தார். சிலைகள், சிப்பிகள், போர்க்கவசங்கள் எனக் கலைப்பொருள் சேர்க்கும் வேட்கையோ தணியவில்லை. நம் நாட்டு மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்தும் அவர் படிகள் வரைந்தார். வீட்டுக்கடன் மட்டும் தீரவில்லை. அதன் சுமையை நம்மவர் அறியாரோ! 1656-இல் நொடித்துப்போனார். அதிகாரிகள் அறைதோறும் புகுந்து, ஓவியம் முதல் நாற்காலி வரை பட்டியல் எழுதினர். 1658-இல் வீடு ஏலம் போயிற்று. 1669-இல் வாடகை வீட்டில் உயிர்நீத்தார்.

விற்றுப்போன அவ்வில்லம் 1911-இல் காட்சியகமாயிற்று. பின்னாளில் அறைகளைப் பழையபடி அமைக்க முற்பட்டோர்க்குக் கைகொடுத்தது, கடன்காரர்க்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியலே.