வண்டு காத்த உயிர்

வானளாவிய சாதனைகள் புரிந்து புகழ் பெற்றோர் பலர். ஆனால் காலடியில் ஊரும் சிற்றுயிர்களைக் குனிந்து பார்த்தே அழியாப் புகழ் எய்தியவர் ஒருவர் உண்டு. அவரே பிரெஞ்சு நாட்டு விலங்கியல் அறிஞர் பியேர் ஆந்த்ரே லத்ரேய்.

இவர் 1762-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் பிரான்சு நாட்டின் பிரீவ் நகரில் பிறந்தார். பெற்றோரின் அரவணைப்பை அறியாமலே வளர்ந்தார். நல்லுள்ளம் படைத்த சிலர் ஆதரவு அளித்து, 1778-இல் பாரிசுக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தனர். 1780-இல் லிமோஜ் நகர்க் குருமடத்தில் சேர்ந்து, 1786 வரை பயின்றார். வேதநூல்களைக் கற்ற அவருடைய உள்ளத்தைப் பூச்சிகளும் கவர்ந்தன.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. குருக்கள் அனைவரும் அரசுக்குப் பணிந்து உறுதிமொழி எடுக்க வேண்டுமென்று மறு ஆண்டு சட்டம் பிறந்தது. லத்ரேய் அந்த உறுதிமொழியை எடுக்கவில்லை. எனவே 1793 நவம்பரில் சிறையில் தள்ளப்பட்டார். எந்த நாளும் கடைசி நாளாகலாம் என்ற நிலை!

போர்தோ நகரச் சிறையில் ஒரு நாள், கைதிகளைப் பார்வையிட வந்த மருத்துவர் வியப்புற்று நின்றார். சாவை எதிர்நோக்கிய நிலையிலும் ஒருவர் தரையில் ஊர்ந்த சிறு வண்டை உற்றுநோக்கிக்கொண்டிருந்தார்! அது அரிய வண்டு என்று லத்ரேய் விளக்கினார். மருத்துவர் அதை அந்நகரில் இருந்த போரி என்ற இளைஞரிடம் சேர்த்தார். போரிக்கு அப்போது வயது பதினைந்துதான். தோழியரே, நம் வயதுதான்! லத்ரேயின் ஆய்வுகளை அறிந்திருந்த அவர் பெரிதும் முயன்று அவருக்கு விடுதலை வாங்கித் தந்தார். உடனிருந்த கைதிகளில் பலர் உயிர் தப்பவில்லை.

மீண்ட உயிரை லத்ரேய் வீணாக்கவில்லை. 1796-இல் பூச்சிகளை வகைப்படுத்தும் நூல் ஒன்றைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1798-இல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பணியேற்றார். அதற்கு முன் லின்னேயஸ் என்ற பேரறிஞர், நண்டையும் இறாலையும்கூடப் பூச்சிகளோடு சேர்த்திருந்தார். பின்வந்தோர் அவற்றைக் கிரஸ்டேசியா என்ற தனி வகுப்பாக்கினர். அவ்வகுப்பை வரிசை, குடும்பம், பேரினம் என ஒழுங்குபடுத்தியதில் லத்ரேயின் பங்கு மிகப் பெரிது.

ஈரக் கல்லைப் புரட்டினால் சாம்பல் நிறத்தில், ஏழு இணைக் கால்களுடன் ஓடும் சிற்றுயிர்களைக் காணலாம். சில, தொட்டதும் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். இவற்றை ஆங்கிலத்தில் வுட்லைஸ் என்பர். மரவட்டையின் இனமோ என்று நாம் மயங்குவோம். உண்மையில் இவை நிலத்திற்குக் குடியேறிய, நண்டின் உறவினர்! வயிற்றடியிலுள்ள தட்டுப் போன்ற உறுப்புகளால் சுவாசிப்பதால் இவற்றிற்கு ஈரம் இன்றியமையாதது. தாய் தன் முட்டைகளை அடிவயிற்றுப் பையில் சுமந்து காக்கிறது. இவற்றை ஒனிஸ்கிடியா என்ற பிரிவாக 1802-இல் வகுத்தவர் லத்ரேயே. ஒத்த கால்கள் எனப் பொருள்படும் ஐசோபோடா என்ற வரிசைப் பெயரையும் 1817-இல் அவரே சூட்டினார். கடற்கரை மணலில் துள்ளும் சிற்றுயிர்கள் அடங்கிய ஆம்பிபோடா வரிசையும் அவர் வகுத்ததே.

இன்று ஒனிஸ்கிடியா பிரிவில் 3,600-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. கடற்கரைப் பாறை முதல் பாலைவனம் வரை அவை வாழ்கின்றன. 1804-இல் லத்ரேய் விவரித்த ஆர்மடில்லிடியம் வல்கேர் மத்தியதரைக்கடல் நாடுகளுக்கு உரியது. மனிதர் கொண்டு சென்ற செடிகளோடும் மண்ணோடும் பயணம் செய்து, இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியிருக்கிறது.

பதவி அவரை மெல்லவே நாடி வந்தது. கண்பார்வை இழந்த அறிஞர் லமார்க்குக்குப் பதிலாகப் பாடம் நடத்தி வந்த அவர், 1830-இல், தம் அறுபத்தேழாம் வயதில்தான் பேராசிரியரானார். 1833 பிப்ரவரி 6-ஆம் நாள் காலமானார். பாரிசில் அவருடைய கல்லறைத் தூணில் அந்த வண்டின் பெயரும், அதுவே லத்ரேயைக் காத்தது என்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன.

அற்பம் என்று நாம் மிதித்துச் செல்லும் உயிரையும் இறைவனின் படைப்பாக உற்றுநோக்கினால், அதனுள் ஓர் உலகமே விரியும். லத்ரேய் அவ்வாறு நோக்கினார். அறிவியல் வளர்ந்தது, அவர் உயிரும் பிழைத்தது. நாமும் குனிந்து பார்க்கப் பழகுவோமாக!