பத்தாயிரம் வளைவுகளின் தீவில்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மத்தியதரைக் கடலில் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கார்சிகா என்றொரு தீவு உண்டு. நெப்போலியன் பிறந்த மண் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கடலிலிருந்து நேரே எழுந்து நிற்பதுபோல் மலைகள். அவற்றுள் உயர்ந்த சிகரம் 2,700 மீட்டருக்கும் மேல். அம்மலைகளைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் குறுகிய தார்ச்சாலைகளில் 1956ஆம் ஆண்டில் ஒரு கார் ராலி தொடங்கப்பட்டது. பத்தாயிரம் வளைவுகளின் ராலி என்பது அதற்கு வழங்கும் பட்டப்பெயர். முதல் ஆண்டில் வென்றவர் ஜில்பெர்த் திரியோன் என்னும் பெல்ஜிய நாட்டுப் பெண்மணி என்று அறிந்தால் நம் மாணவியர் மகிழ்வர்.

அதே 1956இல், ஆகஸ்டு 25ஆம் நாள், பின்லாந்து நாட்டின் யுவாஸ்கூலா நகரில் ஹென்றி டொய்வோனென் பிறந்தார். அந்த ராலியும் அவரும் ஒரே வயதினர்.

இயற்பியல் மாணவனுக்கு இந்தக் கார் ஓட்டுநர்மீது என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் சரக்கு லாரி ஓட்டுநர். எங்கள் வீட்டில் புத்தகங்கள் நுழையுமுன்பே வண்டி நுழைந்துவிட்டது. கியர், கிளட்ச், மலையிறக்கத்தில் பிரேக் சூடேறுவது ஆகியவற்றைக் கேட்டே வளர்ந்தேன். ஆதலால் நூலகத்தில் இவரைப் பற்றிப் படித்தபோது கீழே வைக்க மனம் வரவில்லை.

ஹென்றியின் தந்தை பௌலி டொய்வோனெனும் புகழ்பெற்ற ராலி ஓட்டுநரே. 1966இல் அவர் மான்டி கார்லோ ராலியில் வெற்றி பெற்றார். ஆனால் அது இனித்த வெற்றியன்று. முதல் மூன்று இடங்களில் வந்த மினி கார்கள் முன்விளக்கு விதிக்கு மாறானவை என்று நீக்கப்பட்டன. நான்காவது காருக்கும் அதே கதி. பின்னால் வந்த பௌலிக்குக் கோப்பை கிடைத்தது. பிறர் தோல்வியால் தமக்கு வந்த கோப்பையை அவர் மகிழ்ந்து ஏற்கவில்லை. அந்தச் சிட்ரோயன் நிறுவனத்துக்காக அதன்பின் அவர் கார் ஓட்டவுமில்லை. அப்போது ஹென்றிக்கு வயது ஒன்பது.

ராலி என்பது நாம் படங்களில் காணும் பந்தயம் போன்றதன்று. எல்லாக் கார்களும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். போக்குவரத்தை நிறுத்திய சாலைப் பகுதிகளில் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். பல நாட்கள் பல பகுதிகளைக் கடந்து, மொத்த நேரம் குறைந்தவர் வெல்வார். ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குப் பொதுச் சாலையில், மற்றவரைப்போல் விதிக்குட்பட்டே செல்ல வேண்டும். பக்கத்து இருக்கையில் துணை ஓட்டுநர் அமர்ந்து, முன்கூட்டியே எழுதிய குறிப்பைப் பார்த்து, வரப்போகும் வளைவு இடமா வலமா, எவ்வளவு கூர்மையானது என்று சொல்லிக்கொண்டே வருவார். ஓட்டுபவர் தம் கண்ணைவிட அக்குரலையே அதிகம் நம்புகிறார். இதைச் சொன்னபோது என் தந்தையார், கிளீனர் தூங்கினால் லாரியும் தூங்கிவிடும் என்றார்.

ஹென்றி 1980இல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை வென்றபோது வயது 24. உலகப் போட்டி ஒன்றில் அவ்வளவு இளம் வயதில் வென்றவர் அதுவரை இல்லை. 2008வரை அச்சாதனை நிலைத்தது. ஆயினும் அடுத்த வெற்றிக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வேகம் இருந்தது, கார் நின்றுவிடும் அல்லது கவிழ்ந்துவிடும். 1985இல் கார்சிகாவுக்குத் தெற்கேயுள்ள சார்டினியா தீவில் நடந்த ராலியில் விபத்துக்குள்ளாகி, கழுத்தெலும்பு முறிந்து பல மாதங்கள் ஓய்வில் இருந்தார். மீண்டு வந்தவர் அவ்வாண்டின் இறுதியில் மறுபடியும் ஆர்.ஏ.சி. ராலியை வென்றார். 1986 ஜனவரியில் மான்டி கார்லோவையும் வென்றார். தந்தை வென்று சரியாக இருபது ஆண்டுகள்! இம்முறை யாரும் குறை சொல்ல இடமில்லை.

அவ்விரு வெற்றிகளையும் தந்த கார் லான்சியா டெல்டா எஸ்4. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். எஞ்சின் கொள்ளளவு 1.8 லிட்டருக்கும் குறைவு. ஆனால் காற்றை அழுத்தித் திணிக்க இரண்டு கருவிகள். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பெல்ட்டினால் இயங்கும் சூப்பர்சார்ஜர் வேலை செய்யும். வேகமாகச் சுழலும்போது புகைக்காற்றினால் இயங்கும் டர்போ பொறுப்பேற்கும். காரின் எடையோ ஆயிரம் கிலோவுக்கும் குறைவு; திறன் 400 குதிரைத்திறனுக்கும் மேல். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அந்த நான்கு மடங்கையும் ஒரு மலை வளைவில் அடக்க வேண்டியவன் ஒரு மனிதன். பெட்ரோல் தொட்டிகளை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? இருக்கைகளுக்கு அடியில்.

இவ்வகைக் கார்களுக்கு ‘பி’ பிரிவு என்று பெயர். ஆபத்து முன்பே தலைகாட்டியது. 1985 மே 2ஆம் நாள் கார்சிகா ராலியில் அட்டிலியோ பெட்டேகா என்ற இத்தாலிய வீரர் மரத்தில் மோதி உயிரிழந்தார். 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து, வேடிக்கை பார்த்த மூவர் மாண்டனர். முன்னணி ஓட்டுநர்கள் ஒன்றுசேர்ந்து அந்த ராலியைத் தொடர மறுத்தனர். ஹென்றியும் அவர்களுள் ஒருவர். ஆனால் போட்டிகள் நிற்கவில்லை.

1986 மே 1ஆம் நாள் கார்சிகா ராலி தொடங்கியது. மூன்று நாள் போட்டி. ஹென்றிக்கு ப்ளூ காய்ச்சல். மான்டி கார்லோவுக்குப் பிறகு புள்ளி எதுவும் கிட்டாத நிலை. விட்டுக்கொடுக்க முடியாத போட்டி. காய்ச்சலோடு ஓட்டினார், எல்லோருக்கும் முன்னால் ஓட்டினார். இத்தகைய காரை இத்தகைய சாலையில் நெடுநேரம் ஓட்டுவதன் களைப்பை அவர் மறைக்கவுமில்லை.

அவர் ஏன் நிறுத்தவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்க வாய் வரவில்லை. காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு, நாளைக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று வண்டியேறிய ஒருவரைப் பல இரவுகள் வாசலில் நின்று அனுப்பியவன் நான். ஓட்டுபவனிடம் கேட்பதற்கு முன், அந்தக் காரைச் சாலையில் விட்டவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்?

மே 2. பெட்டேகா இறந்து அன்றோடு ஓர் ஆண்டு. கோர்ட்டே நகரிலிருந்து தவெர்னாவுக்குச் செல்லும் சாலை. புறப்பட்டு ஏழு கிலோமீட்டர் அளவில் ஓர் இடப்பக்க வளைவு. ஓரத்தில் தடுப்புச் சுவர் இல்லை. கார் சாலையை விட்டுப் பள்ளத்தில் பாய்ந்து தலைகீழாக விழுந்தது. தொட்டிகள் உடைந்து தீப்பற்றியது. நேரில் கண்டவர் எவருமில்லை. உதவிக்கு ஆட்கள் வந்தபோது எரிந்த இரும்புச் சட்டமே மிஞ்சியிருந்தது. காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை. ஹென்றிக்கு வயது 29. மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர். உடன் மாண்ட துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோ, நியூயார்க்கில் பிறந்தவர், வயது 30. கட்டுரைகளில் இவர் பெயர் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இறுதிவரை வளைவுகளைப் படித்துச் சொன்னவர் அவர்தாம்.

அந்த ராலி நிறுத்தப்படவில்லை. பிரான்ஸ் நாட்டு புரூனோ சாபி வென்றார். ஆனால் விபத்து நடந்த சில மணி நேரத்திலேயே, 1987 முதல் ‘பி’ பிரிவுக் கார்களுக்கு உலகப் போட்டியில் இடமில்லை என்று சர்வதேச அமைப்பு அறிவித்துவிட்டது. போர்ச்சுகலில் மூவர் இறந்தபோது எடுக்க முடியாத முடிவு இப்போது ஒரு மாலைப் பொழுதில் எடுக்கப்பட்டது.

1988இல் ஹென்றியின் நினைவாகச் சாம்பியன்களின் பந்தயம் என்ற போட்டி தொடங்கப்பட்டது; தனிநபர் கோப்பைக்கு அவர் பெயர். மகனை இழந்தபின் பௌலி 2005வரை வாழ்ந்தார். கோர்ட்டேச் சாலையின் அந்த வளைவில் இருவருக்கும் ஒரு நினைவுக் கல் இருக்கிறது.