தானியமும் நம்பகமும்: சுவார்ட்ஸ் ஐயரின் துயர்தணிப்புப் பணி

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்தில் வாழ்ந்த செருமானிய மறைப்பணியாளர் கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். இரண்டாம் ஆங்கிலேய-மைசூர்ப் போரின்போது தஞ்சையில் ஏற்பட்ட பஞ்சத்தில் இவர் ஆற்றிய பணியை, இவரது வாழ்க்கை வரலாற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பஞ்சத்தின்போது நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தும் அது பசித்தோரை வந்தடையவில்லை. அரண்மனையும் கும்பினியும் குடிகளின் நம்பிக்கையை இழந்திருந்ததே இதற்குக் காரணம். சுவார்ட்ஸின் பங்களிப்பு உணவளித்த கொடையோடு முடிந்துவிடவில்லை. கொள்வோருக்கும் கொடுப்போருக்கும் இடையே அற்றுப்போயிருந்த நம்பகத்தை மீட்டதிலேயே அது முதன்மையாக அமைந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சுவார்ட்ஸ், தஞ்சை மராட்டியர், பஞ்சம், கொங்கு நாடு, ஐதர் அலி, மறைப்பணி.

முன்னுரை

இயற்கைப் பேரிடர்களிலும் பஞ்சங்களிலும் கிறித்தவ மறைப்பணியாளர் ஆற்றிய பணிகளைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தை மையமாகக் கொண்டுள்ளன. திருநெல்வேலிப் பகுதியில் அப்போது பல்லாயிரவர் திருச்சபையில் சேர்ந்தமையால், துயர்தணிப்புக்கும் மதமாற்றத்துக்கும் உள்ள உறவே அவ்வாய்வுகளின் முதன்மை வினாவாக இருந்துவருகிறது. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட தஞ்சைப் பஞ்சம் வேறொரு வினாவை முன்வைக்கிறது. நிலநடுக்கம் வீடுகளை ஒரு நொடியில் வீழ்த்தும். போர்ப்பஞ்சமோ வயல், கால்நடை, கடன், வாக்கு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தும். இவற்றுள் வாக்கு வீழ்ந்தபின் நிவாரணம் எவ்வாறு இயலும் என்பதே அவ்வினா. சுவார்ட்ஸின் வாழ்க்கை இதற்கு விடை காண உதவுகிறது. அவ்வாழ்க்கையின் முக்கியத் திருப்பங்கள் இரண்டு கொங்கு மண்ணில் நிகழ்ந்தவை என்பதும் இங்குக் கருதத்தக்கது.

இளமையும் தமிழ்க் கல்வியும்

சுவார்ட்ஸ் 1726 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரசிய ஆட்சிக்குட்பட்ட சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்த அவர், பின்னர் ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றார். தமிழகத்தில் பணியாற்றித் திரும்பிய பெஞ்சமின் சூல்ட்சே அங்கே தமிழ் விவிலியத்தை அச்சிடும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அதில் உதவும் பொருட்டுச் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். அவ்வச்சுப்பணி நிறைவேறவில்லை, ஆயினும் கற்ற தமிழ் அவரைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. கோபன்கேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 ஆம் ஆண்டு தரங்கம்பாடியை அடைந்தார். வந்த சில மாதங்களிலேயே தமிழில் அருளுரையாற்றத் தொடங்கினார். காலப்போக்கில் போர்த்துகீசியம், பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகிய மொழிகளிலும் பயிற்சி பெற்றார். இம்மொழியறிவு பின்னாளில் அவரை அரசவைகளுக்கும் உழவர் குடில்களுக்கும் ஒருசேர அறிமுகமானவராக்கியது.

திருச்சிராப்பள்ளிப் பணி

1760களின் தொடக்கத்தில் சுவார்ட்ஸ் திருச்சிராப்பள்ளியில் பணியைத் தொடங்கினார். கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். அவரது துயர்தணிப்புப் பணியின் தொடக்கமாக இதனைக் கொள்ளலாம். 1764 ஆம் ஆண்டு மதுரை முற்றுகையின்போது காயமுற்றோரையும் நோயுற்றோரையும் கவனித்தமைக்காகக் கிடைத்த அன்பளிப்பையும் அப்பள்ளிக்கே அளித்தார். 1766 ஆம் ஆண்டு திருச்சிக் கோட்டையில் கிறித்துநாதர் ஆலயம் எழுந்தது. படைவீரர்களுக்கு ஆற்றிய ஆன்மிகப் பணிக்குக் கும்பினி அளித்த ஆண்டு ஊதியத்தில் பாதியைத் தமிழ்ச் சபையின் தேவைகளுக்கு ஒதுக்கினார். மணம் புரியாமல், எளிய உணவும் எளிய உறைவிடமும் கொண்டு வாழ்ந்தார். பணத்தைத் தம்பொருட்டுச் சேர்க்காதவர் என்ற பெயர் இக்காலத்திலேயே நிலைபெற்றது. பஞ்சகாலத்தில் அவருக்கு முதலாக அமைந்தது இப்பெயரே.

கொங்கு வழியாகச் சீரங்கப்பட்டணம்

1778 ஆம் ஆண்டு முதல் தஞ்சை அவரது நிலையான பணிக்களமாயிற்று. மறு ஆண்டில் சென்னை ஆளுநர் தாமசு ரம்போல்டு அவரை அழைத்து, ஐதர் அலியிடம் தூது செல்லுமாறு வேண்டினார். 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் மாகியைக் கைப்பற்றியிருந்தமையால் ஐதர் சினமுற்றிருந்த வேளை அது. போரைத் தவிர்க்க உதவுமென்ற எண்ணத்தில் சுவார்ட்ஸ் தூதை ஏற்றார். வழிச்செலவுக்கு மேல் எதையும் பெறுவதில்லை எனவும் உறுதிகொண்டார்.

அக்காலத்தில் கொங்கு நாடு மைசூர் ஆட்சிக்குட்பட்டிருந்தது. கரூர் அதன் எல்லைக் கோட்டையாக விளங்கியது. மேற்செல்லும் இசைவுக்காகச் சுவார்ட்ஸ் அங்கு ஏறத்தாழ ஒரு திங்கள் காத்திருந்தார். பின்னர் ஈரோட்டைக் கடந்து, கெஜலட்டிக் கணவாய் வழியாக மைசூர் மேட்டுநிலத்தை அடைந்தார். இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்துள் மூழ்கிக் கிடக்கும் தணாயக்கன்கோட்டை இக்கணவாய் வழியைக் காத்துநின்ற அரணாகும். கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் வட்டாரங்கள் மைசூருக்கும் தமிழகச் சமவெளிக்கும் இடைப்பட்ட வாயிலாக இருந்தமையால், வணிகரும் தூதரும் படைகளும் இவ்வழியே இயங்கினர்.

சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரை மதிப்புடன் வரவேற்றார்; எனினும் ஆங்கிலேயர் உடன்படிக்கைகளை மீறியதைச் சுட்டத் தவறவில்லை. தூதின் அரசியல் நோக்கம் நிறைவேறவில்லை. விடைபெறும்போது ஐதர் அளித்த 300 ரூபாயைச் சுவார்ட்ஸ் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அரசு அதனை அவரே வைத்துக்கொள்ளுமாறு கூறவே, தஞ்சையில் ஆதரவற்ற குழந்தைகளின் பள்ளிக்கு முதலாக்கினார். போர் மூண்டபின், அவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு ஐதர் தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். தூது தோற்றது, தூதர்மீது கொண்ட நம்பிக்கை பகைவரிடத்தும் நிலைத்தது.

தஞ்சைப் பஞ்சம்

1780 சூலையில் ஐதரின் படை கருநாடகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை வீழ்ந்தது. 1781 இல் தஞ்சை நாடு பேரழிவுக்குள்ளாயிற்று. பாசன அமைப்புகள் சிதைந்தன, கால்நடைகள் கவரப்பட்டன, உழவர் ஊர்களை விட்டு அகன்றனர். காவிரிப் பாசனம் பெற்ற நெற்களஞ்சியத்தில் மக்கள் பட்டினியால் மடிந்தனர்.

போர் வரக்கூடுமென முன்னரே உணர்ந்திருந்த சுவார்ட்ஸ், விலை மலிந்திருந்த காலத்திலேயே நெல் வாங்கிச் சேமித்து வைத்திருந்தார். அதனைக் கொண்டும், நண்பர்களிடம் திரட்டிய நன்கொடையைக் கொண்டும், கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தோருக்கு உணவளித்தார். ஆயினும் கோட்டை முழுவதன் தேவைக்கு அது போதவில்லை. சிப்பாய்கள் பசியால் சுருண்டு விழுந்தனர். காலைதோறும் தெருக்களில் பிணங்கள் கிடந்தன.

இந்நிலையிலும் நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது என்பதே இவ்வரலாற்றின் முதன்மைச் செய்தி. அதனைக் கோட்டைக்குக் கொண்டுவர வண்டிமாடுகளும் பொதிமாடுகளும் தேவைப்பட்டன. முன்பு கொண்ட தானியத்துக்கு உரிய விலை கிட்டாமையாலும், கொண்டுசென்ற மாடுகள் திரும்பாமையாலும் உழவர்கள் நம்பிக்கை இழந்திருந்தனர். மன்னர் துளஜாவின் ஆணைகள் பயனற்றுப் போயின. தமது வாக்கும் கும்பினியின் வாக்கும் குடிகளிடம் செல்லாது என்பதை மன்னரே ஒப்புக்கொண்டு, சுவார்ட்ஸை அவர்கள் நம்புகிறார்களா எனப் பார்க்கலாம் என்றார். இதன்பொருட்டு வெற்றுத்தாள் ஒன்றில் அதிகாரம் அளித்து, விரும்பிய உடன்பாட்டைச் செய்துகொள்ளும் உரிமையை அவருக்கு வழங்கினார்.

எண்பதாயிரம் கலம்

சுவார்ட்ஸ் நாலாபுறமும் கடிதம் விடுத்தார். விலையைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், பகைவர் கவரும் மாடுகளுக்கு ஈடு தருவதாகவும் அவற்றில் உறுதியளித்தார். ஓரிரு நாள்களில் 1,000க்கும் மேற்பட்ட மாடுகள் வந்துசேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறுசில தமிழ்க் கிறித்தவர்களும் உயிரைப் பொருட்படுத்தாமல் ஊர்களுக்குச் சென்று, குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் சேர்த்தனர். கலம் ஒன்றுக்கு 12 மரக்கால் என்னும் வழக்கின்படி இது 9,60,000 மரக்காலாகும். தானியம் வந்ததும் சுவார்ட்ஸ் சொன்னபடி ஒவ்வொருவருக்கும் விலை கொடுத்தார். கைப்பணம் போதாதபோது தம்மிடம் பிறர் ஒப்படைத்திருந்த பணத்தையும் பயன்படுத்தினார். சிறு அன்பளிப்பும் தந்து அவர்களை வழியனுப்பினார்.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, தானியம் தந்தோர் இரவலராக நடத்தப்படவில்லை, விற்போராக மதிக்கப்பட்டனர். இரண்டாவது, இழப்புக்குரிய பொறுப்பை உழவர்மீது சுமத்தாமல் வாங்குவோர் ஏற்றனர். மூன்றாவது, வெற்றியின் பெரும்பங்கு, பகைப்படைகளுக்கிடையே நடந்துசென்ற பெயர் அறியப்படாத தமிழர்களுக்கு உரியது. வாழ்க்கை வரலாறுகள் சுவார்ட்ஸின் பெயரை மட்டும் நினைவில் நிறுத்தியமையால் இம்மூன்றாம் கூறு மறைந்துபோயிற்று.

சான்றின் தன்மை

மேற்கண்ட எண்களுக்கு முதன்மைச் சான்று 1794 இல் சுவார்ட்ஸ் இலண்டனிலுள்ள கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்துக்கு எழுதிய கடிதமாகும். 1793 இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் மறைப்பணியைக் குறைகூறிப் பேசப்பட்டதற்கு மறுமொழியாக அது எழுந்தது. தம் பணிக்கு வாதாடும் ஆவணமாதலின் அதனை எச்சரிக்கையுடனேயே அணுகவேண்டும். எனினும் நிகழ்ச்சியை அறிந்தோர் பலர் உயிருடன் இருந்தபோதே அது அச்சேறியது என்பது அதன் மதிப்பைக் கூட்டுகிறது. அக்கடிதம் நாட்டுமன்னரைப் போலவே கும்பினியின் மதிப்பிழப்பையும் வெளிப்படையாகக் காட்டுகிறது. வெறும் தற்புகழ்ச்சியாயின் இதற்குத் தேவையிராது.

இங்கு மற்றொரு சிக்கலும் உண்டு. வந்த தானியம் பசித்த மக்களோடு கும்பினியின் காவற்படையையும் காத்தது. துயர்தணிப்பும் போர்வழங்கலும் ஒரே மூட்டையில் வந்தன. சுவார்ட்ஸை அரசியல் சார்பற்ற அருளாளராக மட்டும் காட்டும் வரலாறுகள் இதனைக் கருத்தில் கொள்வதில்லை. அவரைக் கும்பினியின் கருவியாக மட்டும் காணும் பார்வையோ, உழவர்கள் கும்பினியை நம்பாமல் அவரை நம்பியதை விளக்கத் தவறுகிறது.

போரின் இறுதியில் திப்பு சுல்தானுடன் அமைதி பேசச் சென்ற குழுவுக்குத் துணையாக அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். இம்முறை சத்தியமங்கலத்தில் தடுக்கப்பட்டுத் தஞ்சைக்குத் திரும்பினார். ஐதரின் காலத்தில் திறந்த கொங்கு வாயில் திப்புவின் காலத்தில் அடைபட்டது. தனிமனிதர் ஒருவர்மீது கொண்ட நம்பிக்கை, ஆட்சியாளர் மாறும்போது தானாகத் தொடர்வதில்லை என்பதற்கு இது சான்று.

குடிபெயர்ந்தோர் மீட்சி

1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையால் போர் முடிந்தது. உழவரின் துயர் முடியவில்லை. தஞ்சை அதிகாரிகளின் கொடுமையால் ஏறத்தாழ 65,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். நிர்வாகத்தைச் சீர்செய்ய அமைந்த குழுவில் சுவார்ட்ஸ் இடம்பெற்றார். வன்முறையான வழிகளில் தமக்குப் பங்கிராது என்னும் நிபந்தனையை முன்வைத்தார். மன்னரின் வாக்குறுதியை நம்பாத குடிகள், சுவார்ட்ஸ் பொறுப்பேற்றதும் திரும்பத் தலைப்பட்டனர். ஒரே நாளில் 7,000 பேர் வந்தனர். வழக்கமான பயிர்ப்பருவம் கடந்திருந்தும் அவர்கள் இரவுபகலாக உழைத்தனர். அவ்வாண்டு விளைச்சல் முந்தைய ஆண்டினும் மிகுந்தது. பஞ்சகாலத்துத் தானியக் கொள்முதலில் வெளிப்பட்ட அதே நெறி மறுவாழ்விலும் செயற்பட்டதை இது காட்டுகிறது.

இறுதி ஆண்டுகள்

1787 இல் துளஜா மறையுமுன், தாம் மகன்மை கொண்ட சரபோஜியைச் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் ஒப்படைக்க விரும்பினார். தனிப்பொறுப்பை ஏற்கத் தயங்கிய சுவார்ட்ஸ், பின்னர் அவ்விளவரசரின் கல்வியிலும் உரிமையிலும் கருத்துச் செலுத்தினார். திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்த வேதநாயக சாஸ்திரியாரைத் தஞ்சையில் பயிற்றுவித்ததும் அவரே. தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றவும் துணைநின்றார். 1798 பிப்ரவரி 13 ஆம் நாள் தஞ்சையில் மறைந்தார். அவ்வாண்டே அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி, சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச்சின்னம் அமைப்பித்தார். நோய்ப்படுக்கையில் உள்ள ஆசானை மன்னர் காணும் காட்சி அதில் வடிக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

சுவார்ட்ஸின் துயர்தணிப்புப் பணி முன்னெச்சரிக்கைச் சேமிப்பு, உரிய விலை, இழப்புக்கு ஈடு, தன்கையால் நிறைவேற்றிய வாக்கு ஆகியவற்றின் மேல் அமைந்தது. முதல் மூன்றையும் அரசால் ஆணையாக்க இயலும். நான்காவதைப் பல்லாண்டு நடத்தையே ஈட்டித்தரும். திருச்சிப் பள்ளியிலும், கொங்கு வழியே சென்ற தூதிலும் அவர் பொருளை விலக்கி நடந்த முறையே தஞ்சையில் 80,000 கலத்தை நகர்த்தியது. அந்நம்பகம் ஒரு மனிதரைச் சார்ந்திருந்தது அதன் வலிமை. ஒரு நிறுவனமாக வளராமை அதன் எல்லை. பேரிடர்க்கால மறைப்பணியை ஆராய்வோர், எத்தனை பேருக்கு உணவு அளிக்கப்பட்டது, எத்தனை பேர் சமயம் மாறினர் என்னும் வினாக்களோடு, யாருடைய வாக்கை மக்கள் நம்பினர், அது ஏன் என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.