டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

போரில் வென்ற மன்னர்க்கும் படைத்தலைவர்க்கும் சிலை நாட்டும் உலகம், நோயை வென்ற அறிஞரைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. நோயாளி தான் உட்கொள்ளும் மருந்தின் பெயரை அறிவான். அதனைத் தந்த மருத்துவரின் பெயரையும் அறிவான். அம்மருந்தை ஆராய்ந்து கண்டவர் யாவர் என வினவுவானல்லன். வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்களின் சிற்றூர்களில், வீங்கிய காலோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரை நாம் கண்டிருக்கின்றோம். அந்நோய் இளையோரைப் பற்றாதிருத்தற்பொருட்டு வீடுதோறும் வழங்கப்பெற்ற மாத்திரையையும் நாம் அறிவோம். அம்மாத்திரையும், இரத்தப் புற்றால் வாடும் குழந்தைகட்கு இன்றும் அளிக்கப்படும் மருந்தொன்றும், ஒரே ஆராய்ச்சிச் சாலையில் ஒரே தலைவரின்கீழ்ப் பிறந்தவை. அத்தலைவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவர். அன்னாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அக்காலச் சென்னை இராசதானியைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தனர். அது கோதாவரி நதியின் கழிமுக நாட்டிலுள்ளது. நம் புதுச்சேரி ஆட்சியின் ஒரு கூறாகிய ஏனாமும் அந்நதிக்கரையிலேயே அமைந்துளது. தந்தையார் வருவாய்த் துறையில் சிறு பதவி வகித்தவர். குடும்பம் பெரிது, வருவாய் குறைவு. சிறுவர் கல்வியில் நாட்டங் கொண்டாரல்லர். பதின்மூன்று வயதளவில் வீட்டை விட்டோடிக் காசிக்குச் சென்று, யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்ட முயன்றனர் என்றும், அன்னையார் அவரைத் தடுத்துப் பள்ளிக்கு மீட்டனர் என்றும் அவர்தம் வரலாறு கூறுவோர் உரைப்பர். பிற்காலத்தில் உலகறிந்த விஞ்ஞானியாக விளங்கிய இவர், மெட்ரிகுலேசன் பரீட்சையில் மூன்றாம் முறையே தேறினர்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றபின், துறவு பூண்டு இராமகிருஷ்ண சங்கத்திற் சேர விரும்பினர். அன்னையார் அதற்கு இசையவில்லை. மருத்துவம் பயின்றால் அதுவே மக்கட்பணியாகுமென்று கருதிச் சென்னை மருத்துவக் கல்லூரியை அடைந்தனர். ஆங்குப் பயிலுங்கால் அவர் வாழ்விற் பேரிடி ஒன்று வீழ்ந்தது. உடன்பிறந்தார் இருவர், சில நாள் இடைவெளியில், கிராணி என்னும் கழிச்சல் நோயால் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். உண்ட உணவு உடலிற் சேராது, இரத்தஞ் சுண்டி, உடல் தேய்ந்து மாயும் கொடிய நோய் அது. அதற்குரிய மருந்தை அக்கால மருத்துவர் எவரும் அறிந்திலர். அத்துயரம் சுப்பாராவின் உள்ளத்தை விட்டு என்றும் அகலவில்லை.

அந்நாளில் காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்குமாறு நாட்டினரை வேண்டினார். சுப்பாராவ் அறுவை மருத்துவ வகுப்பிற்கும் கதராடையே உடுத்துச் சென்றனர். இதனால் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளாயினர். ஏனைப் பாடங்களில் நன்கு தேறியும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனினுங் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே அவர்க்குக் கிட்டிற்று. அரசாங்க மருத்துவப் பணி பெறவியலாது, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று நூல் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தனர். நம் நாட்டு மூலிகைகளின் இயல்பை மேனாட்டு இரசாயன முறையால் ஆராயவேண்டுமென்னும் ஆவல் ஆங்குத்தான் அவரிடம் முளைத்தது. 1919-இல் சேஷகிரி என்னும் மங்கையை மணந்திருந்தனர். மாமனாரின் பொருளுதவியும், காக்கிநாடாவிலுள்ள அறநிலையமொன்றின் நன்கொடையுங் கொண்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினர்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடங் கிடைத்தது. உணவிற்கு வழி கிட்டவில்லை. அவர் பெற்றிருந்த பட்டம் அந்நாட்டில் மருத்துவஞ் செய்யப் போதாதாயிற்று. ஆதலின், பகலிற் பயின்று, இரவில் மருத்துவமனையொன்றின் ஊழியராக நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைத் துப்புரவு செய்து கூலி பெற்றனர். மருத்துவப் பட்டம் பெற்றவர் ஒருவர் இத்தொழிலை இழிவென்று எண்ணாது செய்தமை நம் போன்ற மாணவர் சிந்தித்தற்குரியது.

பின்னர், சைரஸ் பிஸ்கே என்னும் ஆசிரியரோடு உயிர் இரசாயனத் துறையில் ஆராய்ச்சி புரிந்தனர். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்வரத்தின் அளவை நிறமாற்றத்தாற் கணிக்கும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். இருவர் பெயரையும் தாங்கிய அம்முறையை உயிர் இரசாயன மாணவர் இன்றும் பயில்கின்றனர். 1927-இல் தசையினுள் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளிருத்தலைக் கண்டனர். தசை இயங்குதற்கு லாக்டிக் அமிலமே காரணமென்ற கொள்கைக்கு 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு சான்றாக நின்ற காலம் அது. அக்கொள்கையை இக்கண்டுபிடிப்பு அசைத்துவிட்டது. 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். உயிரணுக்கள் யாவும் தத்தம் வேலைக்குச் செலவிடும் சக்தி இப்பொருளினின்றே கிடைக்கின்றது. அதே காலத்தில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனித்து இதனைக் கண்டனர். 1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றனர். எனினும், ஹார்வர்டில் நிலையான பதவி அவர்க்கு அளிக்கப்படவில்லை. 1940-இல் அப்பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாகாணத்திலுள்ள பேர்ல் ரிவர் என்னும் ஊரில், லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலையை அடைந்தனர். சின்னாளில் அதன் தலைவராகவும் உயர்ந்தனர்.

இனி, அவர்தம் வாழ்க்கையின் முதன்மையான பகுதிக்கு வருகின்றோம். 1931-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது, பம்பாயில் ஆலைத் தொழில் செய்யும் ஏழைக் கர்ப்பிணிகளின் சோகை, ஈஸ்ட்டினின்று எடுக்கப்பட்ட சத்தால் நீங்குதலைக் கண்டறிந்து வெளியிட்டிருந்தார். அச்சத்தினுள் மறைந்து நின்ற பொருள் பின்னர்க் கீரையினின்று பிரிக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. ஆயின், அதனை ஒரு சிறிது பெறுதற்கும் மலையளவு கீரையோ ஈரலோ வேண்டியிருந்தது. சுப்பாராவின் குழுவினர் அதன் அமைப்பை ஆராய்ந்து, 1945-இல் அதனைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர். கிராணி நோயினர்க்கும் அது பயன்பட்டது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு, ஏறக்குறைய கால் நூற்றாண்டின்பின், தம் கையாலேயே மருந்து கிடைக்கப் பெற்றனர் சுப்பாராவ்.

ஈண்டு வியத்தற்குரியதொன்று நிகழ்ந்தது. பாஸ்டனில் குழந்தைகளின் நோய்களை ஆராய்ந்த டாக்டர் சிட்னி பார்பர், ஃபோலிக் அமில வகைகளை இரத்தப் புற்றுடைய சிறுவர்க்கு அளித்துப் பார்த்தனர். நோய் தணியவில்லை, முன்னினும் விரைந்து பெருகுவதாகத் தோன்றிற்று. வருந்துதற்குரிய இவ்விளைவினின்றே ஒரு பேருண்மை புலனாயிற்று. ஃபோலிக் அமிலம் நோயணுக்கட்கு உணவாகுமெனின், அவ்வுணவைத் தடுத்தால் அவை மடியுமன்றோ? தடுப்பது எங்ஙனம்? சுப்பாராவின் சாலையிலிருந்த இரசாயனப் புலவர் ஃபோலிக் அமிலத்தின் வடிவத்தில் ஒரு சிறு மாற்றஞ் செய்து, அதனையே ஒத்துத் தோன்றும் போலிப் பொருள்களை ஆக்கினர். அவற்றுள் ஒன்று அமினாப்டரின். அதனையடுத்துத் தோன்றிய மற்றொன்று மெத்தோட்ரெக்சேட்.

இவை தொழில் புரியும் விதத்தை ஓர் உவமையால் விளக்குவோம். கள்ளச்சாவி பூட்டினுள் நுழையும், ஆனால் திரும்பாது, மெய்ச்சாவி நுழையவும் இடங்கொடாது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிதற்குமுன், தன் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வை இரட்டித்துக் கொள்ள வேண்டும். அதற்குரிய உறுப்புப் பொருள்களை ஆக்குதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அவ்வமிலத்தைப் பயன்படும் வடிவத்திற்குக் கொணரும் நொதியமே பூட்டு, இம்மருந்தே கள்ளச்சாவி. ஓயாது பெருகும் புற்றணு இதனால் முதலிற் பட்டினியுறும். அந்நொதியமே இம்மருந்துகளின் இலக்கு என்பது 1950-களிலேதான் தெளிவாயிற்று. எனினும், நோயணுவின் தேவையறிந்து அவ்விடத்தே அடிக்கும் முறைக்கு வழி திறந்தது இவ்வாராய்ச்சியேயாம். குடலிலும் எலும்பு மச்சையிலும் விரைந்து பெருகும் நல்லணுக்களும் இதனால் ஊறுபடுமாதலின், அளவறிந்து அளித்தல் இன்றியமையாதது.

1947-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிறுதியில், பார்பர் அமினாப்டரினை ஒரு சிறுவனுக்கு அளிக்கத் தொடங்கினர். சாவின் வாயிலிலிருந்த குழந்தை எழுந்து நடமாடத் தொடங்கிற்று. 1948 ஜூனில் வெளிவந்த அறிக்கையில், சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர் தேறியமை கூறப்பட்டது. அத்தேற்றம் நிலையாயிருந்ததில்லை, சில திங்களில் நோய் மீண்டது. ஆயினும், அசைக்கவியலாதென்று கருதப்பட்ட கோட்டையில் முதல் விரிசல் அன்றே கண்டது. மெத்தோட்ரெக்சேட்டைக் கொண்டு, கருப்பையைச் சார்ந்த ஒரு வகைப் புற்றை முற்றுங் குணமாக்கலாம் என்பதை 1956-இல் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்சு என்போர் மெய்ப்பித்தனர். ஹார்வர்டில் சுப்பாராவோடு பணியாற்றிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூடு எலியன் அம்மையாருடன் இதே நெறியில் வேறு மருந்துகள் கண்டு, 1988-இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். புற்றணுவின் தனிக்குறையொன்றையே குறிவைக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும் இவ்வழியின் தொடர்ச்சியே.

அவர்தம் சாலையின் ஏனைப் பயன்களும் சிறியனவல்ல. மண்ணில் வாழும் நுண்ணுயிரினின்று, முதிய தாவர நூற் புலவராகிய பெஞ்சமின் டக்கர் கண்ட ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் இனத்தின் முதல் மருந்தாக 1948-இல் வெளியாயிற்று. பசிபிக் தீவுகளிற் போர்புரிந்த அமெரிக்கப் போர்வீரரை யானைக்கால் நோய்க் கிருமி பற்றியதால் எழுந்த ஆராய்ச்சியில், 1947-இல் ஹெட்ரசான் என்னும் டை-எதில் கார்பமசின் கிடைத்தது. கொசுவால் பரவும் அந்நோய் நம் புதுச்சேரி வட்டாரத்திற்குப் பழம்பகையாகும். 1975-இல் இங்கு நிறுவப்பட்ட கொசு முதலியவற்றின் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் அதனை ஒழிக்கப் பெரிதும் உழைத்தது. 2004-இல் தொடங்கிய நாடளாவிய திட்டத்தின்படி வீடுதோறும் அளிக்கப்பட்டது இம்மருந்தேயாம்.

இத்தகைய பெருமைக்கு அவர் கொடுத்த விலையையும் நாம் மறைத்தல் தகாது. சில ஆண்டுகளில் திரும்புவதாகக் கூறிச் சென்ற கணவரைச் சேஷகிரி அம்மையார் மீண்டும் கண்டாரில்லை. பிறந்த ஆண்மகவு தந்தையின் முகம் பாராமலே குழவிப் பருவத்தில் இறந்தது. உலகத்தார் குழந்தைகளைக் காக்க வழி கண்டவர், தம் மகவை ஒருகாலும் கையிலேந்தவில்லை. ஒருவர் கொண்ட நோன்பின் பாரத்தை வேறொருவர் சுமந்தனர். சுப்பாராவைப் போற்றுவோர் அவ்வம்மையாரையும் உடன்நினைத்தலே நீதியாம். 1946-இல் இந்தியர்க்கு அமெரிக்கக் குடியுரிமை பெற வழி பிறந்தும், அவர் அதனைப் பெற்றுக்கொண்டாரில்லை. அயல்நாட்டில் தனியராய் வாழ்ந்து, 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்திலேயே இதயம் நின்று உயிர் துறந்தனர். அமினாப்டரின் அறிக்கை வெளிவந்து அப்பொழுது இரண்டு திங்களே ஆகியிருந்தன.

தம் பெயரை முன்னிறுத்துதலை அவர் விரும்பியவரல்லர். கண்டுபிடிப்புகளின் புகழை உடன் உழைத்தோர்க்கே விட்டுக்கொடுத்தனர். ஒரு வகைப் பூஞ்சணம் மட்டும் அவர் பெயரால் சுப்பாரோமைசிஸ் என வழங்குகின்றது. பிறந்த நூற்றாண்டாகிய 1995-இல் இந்திய அரசாங்கம் அவர் உருவந் தாங்கிய அஞ்சல் முத்திரையை வெளியிட்டது.

மாணவத் தோழர்காள்! வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த பாகூரிலும், நோயுற்றோர் நம்பிக்கையோடு நாடும் லூர்து அன்னையின் திருத்தலமுள்ள வில்லியனூரிலும், தம் குழந்தைக்கு இரத்தப் புற்று என்று கேட்டு மனமுடையும் பெற்றோர் இருத்தல் கூடும். அவர்கள் வேண்டுதல் செய்த கையோடு குழந்தையைக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வர். ஆங்கு அளிக்கப்படும் மருந்துகளுள் மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்று. முக்காற் பரீட்சை எழுதித் தேறியவரும், உரிய பட்டம் மறுக்கப்பட்டவரும், இரவு ஊழியராய் உழைத்தவருமாகிய ஒருவரின் கைவண்ணம் அது. பரீட்சையில் தவறியோர் மனந்தளர வேண்டா; தேறியோர் செருக்குற வேண்டா. பிறர் துயரைத் தம் துயராகக் கொண்டு ஒரு துறையில் இறுதிவரை உழைப்போரை ஆண்டவர் தம் கருவியாகக் கொள்வர். அத்தகையோர் நம் கல்லூரியினின்றும் தோன்றுமாறு அவர் அருள்புரிவாராக.