நரம்பின் வழி கண்ட நல்லறிஞர்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், பிரெனீஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, கல்லும் கரடுமாகக் கிடக்கும் மேட்டுநிலத்தில் பெட்டில்லா என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1852ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று சாந்தியாகோ ரமோன் ஈ கஹால் பிறந்தார். ரமோன் என்பது தந்தைவழிப் பெயர்; கஹால் என்பது தாய்வழிப் பெயர். இருவழிப் பெயரையும் இணைத்து வழங்குதல் அந்நாட்டு மரபாகும். எனினும் உலகம் அவரைக் கஹால் என்றே அறியும்.

தந்தையார் ஹுஸ்தோ ரமோன் எளிய குடியிற் பிறந்தவர். இளமையில் பிறரிடம் ஊழியம் புரிந்து, ஊணும் உறக்கமும் குறைத்துப் பயின்று, மருத்துவரானவர். அயரா உழைப்பையன்றி வேறெதனையும் அவர் மதித்திலர். ஓவியமும் கவிதையும் வேலையற்றோர்க்குரிய வீண்பொழுது என்பது அவருடைய உறுதியான கருத்து. அத்தகைய தந்தைக்கு, கண்டதையெல்லாம் வரையும் வேட்கை கொண்ட மைந்தன் வாய்த்தான்.

சிறுவன் கஹாலின் கையில் கரித்துண்டு ஒன்று அகப்பட்டால் வெள்ளைச் சுவர் எதுவும் தப்பாது. மரமும் குதிரையும் போர்வீரரும் கதவுகளிலும் புத்தக ஓரங்களிலும் உயிர்பெற்று எழுவர். ஒரு நாள், அவன் வரைந்த திருத்தொண்டர் படம் ஒன்றைத் தந்தையார் எடுத்துச் சென்று, கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்திருந்த கைவினைஞர் ஒருவரிடம் காட்டி மதிப்புரை கேட்டார். சுண்ணாம்பு பூசும் அம்மனிதர் அப்படத்தில் ஓவியத்திறன் சிறிதுமில்லை என்று தீர்ப்புக் கூறினார். அத்தீர்ப்பே தந்தையாருக்குப் போதுமானதாயிற்று. எழுதுகோலும் வண்ணமும் பறிக்கப்பட்டன. பிள்ளையோ ஒளிந்து ஒளிந்து வரைந்தான். வண்ணத் தாள்களை நீரில் ஊறவைத்துச் சாயம் எடுத்தான்.

பள்ளி அவனுக்குச் சிறைபோல் இருந்தது. யாக்கா நகரத்துத் துறவியர் பள்ளியில் பொருள் விளங்காத பாடங்களை உருப்போடுமாறு பணித்தனர். தவறியபோது பிரம்படியும் பட்டினியும் தண்டமாயின. ஊருக்குத் திரும்பிய காலங்களில் அவன் செய்த குறும்புகளுக்கு அளவில்லை. பதினோராம் வயதளவில் மரத்துண்டு ஒன்றைக் குடைந்து, கம்பி சுற்றி, பீரங்கி ஒன்று செய்தான். மருந்தும் கல்லும் இட்டு அதனை வெடித்தபோது அயல்வீட்டாரின் புதிய தோட்டக் கதவு சிதறிற்று. ஊர்க் காவலர் அவனைச் சிறையிலிட்டனர். தந்தையாரும் அதற்கு உடன்பட்டார். பின்னர் நாவிதர் ஒருவரிடமும், செருப்புத் தைப்பவர் ஒருவரிடமும் அவன் தொழில் பழக விடப்பட்டான். செருப்புத் தொழிலில் அவன் நல்ல தேர்ச்சி பெற்றான் என்பதையும் கூறுதல் வேண்டும். கைந்நுட்பம் எத்தொழிலிலும் வெளிப்படும்.

1868ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் தந்தையார் வேறொரு வழியை மேற்கொண்டார். நிலவு காய்ந்த இரவொன்றில் மகனை அழைத்துக்கொண்டு ஊர்ப்புறத்து இடுகாட்டின் மதிலேறி உள்ளே சென்றார். அங்கே புறத்தே கிடந்த பழைய எலும்புகளைத் தேர்ந்தெடுத்து இருவரும் வீட்டுக்குக் கொணர்ந்தனர். அவற்றைக் கொண்டு தந்தையார் உடற்கூறு கற்பித்தார். புத்தகத்தை வெறுத்த பிள்ளை எலும்பை விரும்பிக் கற்றது. ஒவ்வோர் எலும்பின் குழியையும் விளிம்பையும் வரைந்து பார்த்தன்றிக் கஹால் மனம் அமைந்திலர். எதனை ஒழிக்கத் தந்தையார் பத்தாண்டுகள் முயன்றாரோ, அதுவே அவர் காட்டிய கல்விக்குக் கருவியாயிற்று.

சரகோசா நகரில் மருத்துவம் பயின்று 1873இல் பட்டம் பெற்ற கஹால், படை மருத்துவராகக் கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். சதுப்புநிலத்து மருத்துவமனையில் பணிபுரிந்த அவரை மலேரியாக் காய்ச்சல் பற்றியது. எலும்பும் தோலுமாக 1875இல் தாய்நாடு திரும்பினார். கியூபாவில் ஈட்டிய ஊதியத்தில் எஞ்சிய சிறுதொகையைக் கொண்டு நுண்ணோக்கி ஒன்றை வாங்கி, வீட்டின் மூலையொன்றை ஆய்வுக்கூடமாக்கினார். 1878இல் காசநோய் கண்டது. மலையூர்களில் தங்கி உடல் தேறினார். மறு ஆண்டில் சில்வேரியா என்னும் நங்கையை மணந்தார். 1883ஆம் ஆண்டின் இறுதியில் வாலென்சியாப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றுப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1885இல் காலரா நோய் பரவியபோது சரகோசா மாவட்ட ஆட்சியாளர் விருப்பப்படி அந்நோயை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். கைம்மாறாக அவர்கள் வழங்கியது செர்மன் நாட்டு ஸைஸ் நிறுவனத்தாரின் உயர்ந்த நுண்ணோக்கி. அதனினும் சிறந்த பரிசை அவருக்கு எவரும் அளித்திருத்தல் இயலாது.

கிருமியாராய்ச்சி அக்காலத்தில் பெரும்புகழ் தருவதாக இருந்தது. ஆயினும் அதற்குச் சோதனை விலங்குகளும் பெரும்பொருளும் வேண்டும். இழைமங்களை ஆராய்வதற்கு ஒரு நுண்ணோக்கியும், சவரக் கத்தியும், சில வேதிப்பொருள்களும், குன்றாப் பொறுமையும் போதும். வறிய பேராசிரியர் பின்னதனைத் தேர்ந்துகொண்டார்.

அக்காலத்து உயிர்நூலார் முன் நின்ற பெருவினா ஒன்றை ஈண்டு அறிதல் வேண்டும். செடியின் உடலும் விலங்கின் உடலும் உயிரணுக்களால் ஆனவை என்பதை 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஷ்லைடன், ஷ்வான் என்னும் செர்மானிய அறிஞர் நிறுவினர். ஓர் உயிரணு மற்றோர் உயிரணு பகுப்புறுவதனாலேயே தோன்றும் என்னும் உண்மையை 1855இல் ஃபிர்கோ வலியுறுத்தினார். தோல், தசை, ஈரல் யாவும் இவ்விதிக்கு அடங்கின. மூளையும் நரம்பும் மட்டும் அடங்காதன போலத் தோன்றின. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அங்கே எல்லையற்ற நூற்சிக்கலே தென்பட்டது. எந்த இழை எந்த உயிரணுவிலிருந்து புறப்பட்டது, எங்கே முடிந்தது என்று எவராலும் கூற இயலவில்லை. ஆதலின், நரம்பு மண்டலம் முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்த ஒரே வலை என்று பெரும்பாலோர் நம்பினர்.

இத்தாலிய மருத்துவர் காமில்லோ கோல்ஜி 1873இல் ஓர் அரிய முறையைக் கண்டறிந்தார். தீரா நோயாளர் விடுதியொன்றின் சமையலறையைச் சோதனைக்கூடமாகக் கொண்டு அவர் இதனைச் செய்தார். மூளைத் துண்டினைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்து, பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டால், நூற்றில் சில உயிரணுக்களே சாயமேற்கும். ஏற்றவையோ வேர் முதல் நுனி வரை மஞ்சள் நிலத்தில் கருநிறமாகத் துலங்கும். எல்லாம் சாயமேறியிருந்தால் ஒன்றும் தெரியாது. சில மட்டும் ஏறியதே இம்முறையின் சிறப்பு. உயிரணுவினுள் காணப்படும் கோல்ஜி உறுப்பும் இப்பேரறிஞர் கண்டதே. ஆயினும் கோல்ஜியும் வலைக்கொள்கையையே பற்றி நின்றார்.

1887இல் மாட்ரிட் நகரம் சென்ற கஹாலுக்கு, சிமாரோ என்னும் மருத்துவர் தம் இல்லத்தில் இம்முறையில் ஆக்கிய மூளைச் சீவல்களைக் காட்டினார். மைக்கோடுகளால் வரைந்த ஓவியம்போல் நின்ற நரம்புயிரணுக்களைக் கண்ட கஹால், தம் வாழ்நாட் பணி யாதென்பதை அக்கணமே உணர்ந்தார். அவ்வாண்டிலேயே பார்சிலோனாப் பல்கலைக்கழகத்துக்கு மாறிய அவர், இரவும் பகலும் இம்முறையில் ஆழ்ந்தார். சாயம் சிலபோது பற்றும், பலபோது பற்றாது. துண்டினை இருமுறை வெள்ளிக் கரைசலில் தோய்த்து அக்குறையைப் பெரிதும் போக்கினார்.

அதனினும் பெரிது அவர் கைக்கொண்ட மற்றோர் உபாயம். முதிர்ந்த மூளை அடர்ந்த காடு போன்றது. அங்கே ஒரு மரத்தின் கிளையையும் வேரையும் பிரித்தறிதல் அரிது. நாற்றங்காலில் நிற்கும் இளங்கன்றை ஆராய்தலோ எளிது. இதனை எண்ணிய கஹால், முட்டையினுள் வளரும் கோழிக் கருவையும், பிறந்த சில நாட்களே ஆன சிறு விலங்குகளையும் எடுத்துக்கொண்டார். அவ்விளமையில் நரம்பிழைகள் குறுகியவை. கொழுப்புறை இன்னும் அவற்றைப் போர்த்திருப்பதில்லை. ஆகவே சாயம் தெளிவாகப் பற்றும்.

1888ஆம் ஆண்டில் பறவையின் சிறுமூளையை ஆராய்ந்தபோது உண்மை புலனாயிற்று. ஓர் உயிரணுவினின்று புறப்பட்ட இழை மற்றோர் உயிரணுவின் உடலைக் கூடைபோற் சூழ்ந்தது; நெருங்கியது; ஆயின் அதனோடு ஒட்டவில்லை. கொடி மரத்தைச் சுற்றினும் கொடி வேறு, மரம் வேறு அன்றோ? வலை என்று எண்ணப்பட்டது வலையன்று. நரம்புயிரணு ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணுவே. உயிரணுக் கொள்கைக்கு மூளையும் விலக்கன்று என்பது இதனால் விளங்கிற்று.

இதனை உலகறியச் செய்தலே இனி எஞ்சிய இடர். ஸ்பானிய மொழியில் எழுதிய அறிவியற் கட்டுரையை அந்நாளில் பிறநாட்டார் படிப்பதில்லை. கஹால் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தாமே ஓர் ஆய்விதழ் தொடங்கினார். 1888 மே மாதத்தில் வெளிவந்த முதல் இதழில் அச்சிட்ட படிகள் அறுபதே. அவற்றையும் பெரும்பாலும் வெளிநாட்டு அறிஞர்க்கே அனுப்பினார். மறுமொழி அரிதாகவே வந்தது. குடும்பம் பெருகிய காலம் அது. இதழுக்குச் செலவிடும் ஒவ்வொரு நாணயமும் இல்லத்தின் தேவையிலிருந்து எடுத்ததே. பெரிதும் விரும்பிய சதுரங்க ஆட்டத்தையும் அவர் அப்போது கைவிட்டார்.

1889 அக்டோபரில், செர்மானிய உடற்கூற்றறிஞர் கழகம் பெர்லினில் கூடியபோது, தம் சீவல்களையும் நுண்ணோக்கியையும் சுமந்துகொண்டு கஹால் அங்குச் சென்றார். அவர்க்குச் செர்மன் மொழி வாராது. தட்டுத்தடுமாறிய பிரெஞ்சிலேயே விளக்கினார். முதலில் அறிஞர் ஐயத்தோடு நோக்கினர். அவருள் தலைசிறந்த முதியவர் கோலிக்கர் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார், மீண்டும் பார்த்தார், வலைக்கொள்கையை விடுத்துக் கஹாலின் பக்கம் சேர்ந்தார். எழுபது கடந்த அப்பெரியவர் கஹாலின் நூல்களைப் படித்தற்பொருட்டு ஸ்பானிய மொழியைக் கற்றார் என்பர். 1891இல் வால்டேயர் என்னும் அறிஞர் நரம்புயிரணுவுக்கு நியூரான் என்று பெயரிட்டார்.

பெர்லின் சென்று மீண்ட மறு ஆண்டு, நரம்பு வளருமாற்றையும் கஹால் கண்டார். கோழிக் கருவின் தண்டுவடத்தில், வளரும் நரம்பிழையின் நுனி கூம்பாகப் பருத்து, நுண்ணிய விரல்கள் நீட்டியிருந்தது. பந்தலைத் துழாவும் கொடியின் தளிர்நுனி போல அது வழிதேடிச் செல்லும் என்று அவர் துணிந்தார். அவர் கண்டது உயிரற்ற சீவல். அசைவு எதுவும் அதில் இல்லை. ஆயினும் வெவ்வேறு நாட்களில் எடுத்த கருக்களை வரிசையாக ஒப்பிட்டு அசைவை உய்த்துணர்ந்தார். 1907இல் அமெரிக்க அறிஞர் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் துணுக்கை உடலுக்குப் புறத்தே உயிரோடு வளர்த்து, அந்நுனி ஊர்ந்து செல்வதைக் கண்ணாரக் கண்டார்.

தோலில் காயம்பட்டால் அயலிலுள்ள உயிரணுக்கள் பகுப்புற்றுப் பெருகி அதனை மூடும். நியூரானோ முதிர்ந்தபின் பொதுவாகப் பகுப்புறுவதில்லை. அவ்வாறாயின் கற்குந்தோறும் மூளையில் நிகழும் மாற்றம் யாது? உயிரணுக்கள் எண்ணிக்கையிற் பெருகுவதில்லை. பயிற்சியினால் அவற்றின் கிளைகள் பெருகிப் புதிய தொடர்புகள் உண்டாகின்றன என்று 1894இல் இலண்டன் அரச கழகத்தில் ஆற்றிய உரையில் கஹால் விளக்கினார். நூற்றாண்டு கடந்தும் அக்கருத்து ஆராய்ச்சியாளரால் போற்றப்படுகிறது.

1906ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஒருவர் தந்த சாயத்தைக் கொண்டு மற்றவர் அவருடைய கொள்கையையே வீழ்த்தியிருந்தார். ஸ்டாக்ஹோம் நகரில் டிசம்பர் 11ஆம் நாள் உரையாற்றிய கோல்ஜி, நியூரான் கொள்கையை வெளிப்படையாகத் தாக்கினார். மறுநாள் பேசிய கஹால், கோல்ஜியின் முறைக்குரிய பெருமையைக் குறைவின்றிக் கூறி, தம் சான்றுகளை நிரல்பட எடுத்துவைத்தார். இருவரும் நண்பராகாமலே பிரிந்தனர்.

அவ்வாண்டிலேயே கல்வியமைச்சர் பதவி தேடி வந்தது, அதனை ஏற்றிலர். வெட்டுண்ட நரம்பு மீள வளருமா என்னும் வினா அவரை ஆட்கொண்டிருந்தது. கை கால்களிற் செல்லும் நரம்பு அறுபட்டால் அதன் முனை மீண்டும் தளிர்த்து நெடுந்தொலைவு வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுபட்ட இழை சிறிது தளிர்த்துக் கருகிவிடும். இவ்வேறுபாட்டை 1913, 1914ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலில் விரிவாக எழுதினார். அவர் மாணாக்கர் டெல்லோ, கால் நரம்புத் துண்டினை மூளையில் ஒட்டவைத்தபோது மூளையின் இழைகள் அதனுள் வளரக் கண்டார். எனவே குறை இழையில் இல்லை, சூழலில் உளது என்று கஹால் கருதினார். தண்டுவடம் முறிந்தோர்க்கு மீட்சி தேடும் ஆய்வாளர் இன்றும் அவ்விடத்திலிருந்தே தொடங்குகின்றனர்.

1922இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்றார், ஆய்விலிருந்து ஓய்வுபெறவில்லை. 1930இல் மனைவியார் மறைந்தார். வலைக்கொள்கை மீண்டும் தலையெடுத்தபோது, எண்பது வயது கடந்த அம்முதியவர் 1933இல் நியூரான் கொள்கைக்கு ஆதரவாக இறுதி நூலை வெளியிட்டார். 1934 அக்டோபர் 17ஆம் நாள் மாட்ரிட் நகரில் காலமானார்.

அவர் கண்ட இடைவெளியை அவருடைய நுண்ணோக்கி நேரே காட்டியதில்லை. இழை முடிந்த இடத்தையும் அடுத்த உயிரணு தொடங்கிய இடத்தையும் கண்டு, நடுவே வெளி உண்டு என்று அவர் முடிவு செய்தார். 1950களின் நடுவில் எதிர்மின்னணு நுண்ணோக்கி அதனைப் படம்பிடித்துக் காட்டியது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் அகலம். கஹால் தம் கையால் வரைந்த நரம்புப் படங்கள் ஆயிரக்கணக்கில் மாட்ரிட் நகரில் பேணப்பட்டு வருகின்றன. 2017இல் யுனெஸ்கோ அமைப்பு அவருடைய ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.